வாட்டுத்தொட்டியில் லசாக்னா

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் இல்லாமல் கட்டன்காப்பி போட்டேன். ஆறியதும் குடித்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றோடு என் மனைவி ஜிஷா இறந்து ஒரு வருடம். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் வருட நினைவுக்குப் பங்குச் சாமியார் வந்து செபம் சொல்வார். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுவோம்.

ஜிஷாவுக்குப் பிடித்தது எது என்பதில்தான் தகராறு. மாமியார் செபமாலையம்மாள் உளுந்தங்களி என்றார். நான் லசாக்னா என்றேன்.

"அது என்ன மாப்ள, மாத்திரை பேரு மாதிரி?"

"மைதாவத் தகடு தகடாத் தேச்சு, நடுவுல கறியும் சீஸும் வச்சு அடுக்கி வேக வைக்கிறது."

"எம்மவ அத எப்பத் தின்னா?"

"கல்யாணம் முடிஞ்சு மூணாறுல. ஓட்டல்ல."

"ஒரு தடவ தின்னதெல்லாம் பிடிச்சதாயிருமா? நான் வருசக்கணக்காக் களி கிண்டிப் போட்டவ."

நான் அவளோடு இருந்தது மூன்று வருடம். அவளை எனக்கும் தெரியும் என்று காட்ட லசாக்னா ஒன்றுதான் இருந்தது. மாலைச் செபத்துக்குள் தயாரானால் அது படத்துக்கு முன்னால் போகும். இல்லையென்றால் களி. அப்படித்தான் பேச்சு.

மைதா, முட்டை, உப்பு. பிசைந்தேன். கையோடு ஒட்டியது. இன்னும் மைதா போட்டேன். கல்லானது. இன்னொரு முட்டை. மாமனார் சுவக்கீன் எட்டிப் பார்த்து, "செவுத்துல பூசவா மாப்ள?" என்றார்.

தேய்க்கும்போது பூரிக்கட்டையின் பிடி உடைந்தது. மாமனார் ஒரு ரம் பாட்டில் தந்து உதவினார். அது காலியாக இல்லை. காலி செய்து தந்தார்.

தகடுகளைக் கொஞ்சம் காயவிட வேண்டும் என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். வெளியே மூடுபனி. எங்கள் ஊர் சூரியநெல்லியில் அன்று துவைத்த துணியே காயாது. ஆனால் நான் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் பிரிவுக்குச் சூப்பர்வைசர். நீளமான தொட்டி, கம்பிவலை, அடியில் காற்றாடி. பச்சைக் கொழுந்தின் ஈரத்தையே இழுத்துவிடும். மாவு எம்மாத்திரம்? ஒரு தொட்டியில் தகடுகளைப் பரப்பி, அங்கே வேலை பார்க்கும் ஆசீர்வாதம் அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சீஸ் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டி நிறையக் கொழுந்து.

"அண்ணே, என் மாவு எங்க?"

"அடியில கெடக்கு தம்பி. தொட்டி காலியா ஓடுனா மேனேஜர் தொர ஏசுவாருல்ல, அதான் மேல கொழுந்தக் கொட்டுனேன். பதட்டப்படாத. ரெண்டு தடவ கிளறியும் விட்டாச்சு."

தோண்டி எடுத்தோம். அடியில் கம்பிவலைத் தடம், மேலே பச்சைக் கறை. சில தகடுகள் சுருண்டிருந்தன.

"நல்ல வாட்டு," என்றார் ஆசீர்வாதம், ஒன்றை முகர்ந்து.

வீட்டில் மாமியார் அவற்றைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ள, பாய் முடைஞ்சு கொண்டாந்துருக்கீங்க?"

கறியும் சீஸும் வைத்து அடுக்கினேன். ஓவனுக்குப் பதில் அடுப்பில் இட்லிக் கொப்பரை, அதற்குள் மணல், மணல்மேல் பாத்திரம். சாமியாரின் ஜீப் சத்தம் கேட்டபோது இறக்கினேன். சாதாரணக் கத்தி இறங்கவில்லை. மாமனார் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைக் கொண்டு வந்தார்.

படத்துக்கு முன்னால் வைத்தோம். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் உளுந்தங்களியும் முளைத்திருந்தது.

"இது பேச்சுல இல்லயே அத்தை."

"சும்மா தொணைக்கு இருக்கட்டும்."

செபம் முடிந்தது. சாமியார் லசாக்னாவில் ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் மென்றார்.

"டீயோட சேத்துச் சாப்பிடணுமோ?" என்றார்.

"டீ உள்ளயே இருக்கு சாமி," என்றார் மாமனார்.

மாமியார் முகம் மலர்ந்தது. "களி எடுத்துக்கோங்க சாமி. எம்புள்ளைக்கு உசுரு."

"எது, களியா?" என்றார் மாமனார். பாட்டிலைக் காலி செய்தவர் அல்லவா, வாய் நிற்கவில்லை. "அவ பங்குக் களிய பூராவும் தின்னவன் நான். அம்மாட்டச் சொல்லிராதீங்கப்பான்னு கெஞ்சுவா."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். சாமியார் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"அப்ப எம்மவளுக்கு எதுதான்யா பிடிக்கும்?" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசியா ஆப்பரேசனுக்குக் கொண்டு போகையில நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. எதுவும் கேட்டாளா மாப்ள?"

இதுவரை யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. செபம் சொல்லிக்கொண்டே போனாள் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

"கேட்டா," என்றேன்.

"என்ன கேட்டா?"

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நீங்க போயி பொரோட்டா தின்னுட்டு வாங்க. எனக்கும் ரெண்டு. சால்னாவத் தனியாக் கட்டச் சொல்லுங்க, நான் வர்றதுக்குள்ள ஊறிப்போயிரும்."