திங்கட்கிழமைப் புயல்

வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது நார்வேயின் த்ரொன்ஹைம் நகரத்தில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கட்டடமே பேசும். நான்காம் மாடியில் குடியிருக்கும் யில்வா என்ற பெண்ணைப் பற்றியும் பேசியது. எல்லோரும் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட, இந்தப் பெண் மட்டும் திரையை இழுத்துவிட்டு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டல் தனக்குக் கேட்கிறது என்றாள் கீழ்வீட்டு ஓட்ருன். கூரை வழியாக அது எப்படிக் கேட்கும் என்று யாரும் விசாரிக்கவில்லை.

"இந்த வெயில்ல ஒருத்தி உள்ளயே இருக்கான்னா ஒண்ணு காய்ச்சல், இல்ல காதல். உனக்கு எதும்மா?" என்று ஒருநாள் படியில் மடக்கியே விட்டாள்.

சளி என்று சொல்லித் தப்பித்தாள் யில்வா. ஐந்து மாதமாக நீடிக்கும் சளி.

விஷயம் வேறு. வடகோடியில் வாட்சோ என்ற ஊரிலிருந்து வந்தவள். படகுச் சீட்டு விற்கும் மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். பக்கத்து மேசைக்காரன் ஷூர், காப்பி ஆறுவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுவான். இவளோ ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படிப்பாள். மந்தம் என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று, வாரத்தில் முடியாததை ஞாயிறன்று முடித்து, திங்கள் காலை எட்டு மணிக்குச் சமர்த்தாக ஒப்படைத்தாள்.

ஆபீசில் அவளுக்கு 'திங்கட்கிழமைப் புயல்' என்று பெயர் வைத்தார்கள். புயலாயிற்றே என்று இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்தார்கள். ஞாயிறு போதவில்லை, சனியும் போயிற்று. பதினொன்றரைக்கு எல்லோரும் ஒரே மேசையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இவள் ஓரத்தில் உட்கார்ந்து மென்றாள். ஷூரிடம் கேட்க நாலு சந்தேகம் இருந்தது. புயல் போய்ச் சந்தேகம் கேட்குமா?

ஆறாம் மாதக் கடைசியில் மேலாளர் கௌத்தே கூப்பிட்டார். நிரந்தரக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. உன் வேகத்தை வைத்துத்தான் கோடைக்கால வேலையையே திட்டமிட்டிருக்கிறேன் என்றார் சந்தோஷமாக. கோடை முழுக்க அந்த வேகமா என்று நினைத்ததும் யில்வா கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது வேகம் இல்ல கௌத்தே. ஞாயித்துக்கிழமை. எல்லாமே ஞாயித்துக்கிழமை செஞ்சது."

அவர் முகம் மாறியது. மந்தத்துக்காக அல்ல.

"ஞாயித்துக்கிழமையா? இங்க ஞாயித்துக்கிழமை வேலை வாங்கறது சட்டப்படி தப்பு, தெரிஞ்சா என் தலைதான் உருளும். மெதுவா செய்யி, யாரு வேணாம்னா? ரெண்டு வாரம் ஆகும்னுதானே குடுத்தேன், நீதான் அடுத்த திங்களே முடிச்சுட்டே."

கடிதத்தை அவள் பக்கமே தள்ளினார். ஒரு நிபந்தனை: வெள்ளி நாலு மணிக்கு லேப்டாப் ஆபீஸ் அலமாரிக்குள் போக வேண்டும், திங்கள்தான் வெளியே வர வேண்டும்.

வேலை நிலைத்தது. அடுத்த ஞாயிறு வெயிலோடு வந்தது. கட்டடம் காலியானது. யில்வா திரையை விலக்கினாள், காப்பி போட்டாள், குடித்தாள், கோப்பையைக் கழுவினாள். மணி பத்துகூட ஆகவில்லை. இந்த ஊரில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்பதை யோசிக்க இத்தனை நாள் அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

பதினொரு மணிவாக்கில், வெள்ளியன்று பாதியில் விட்ட வேலையில் சிக்கல் எங்கே இருக்கிறதென்று சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே பளிச்சென்று புரிந்தது. எழுந்து நின்றுவிட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். ஓட்ருன்கூட இல்லை.