ஒன்றா, ஏழா?

பதினோரு வருடமாக ஊர் ஏரித் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். சம்பளமே அதற்குத்தான். ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் படுத்துவிட்டதால், சனிக்கிழமை இரண்டு பாட்டில்களை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒன்றாம் எண், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் காய்ச்சி வடித்த சுத்த நீர். ஏழாம் எண், சாக்கடை வந்து கலக்கும் மூலையில் மொண்டு, கலங்கல் போக வடிகட்டிய ஏரி நீர்.

ஞாயிறு காலை ஒரு பாட்டில் காலியாகி, லேபிள் போகக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஜில்லுனு இருந்துச்சு மாப்ளே" என்றார் மாமனார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

"ருசி எப்படி இருந்துச்சு மாமா?"

"தண்ணி தண்ணியாத்தான் இருந்துச்சு."

மிச்ச பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. தெளிவாகத் தெரிவதெல்லாம் சுத்தமில்லை என்பதுதான் என் ஆராய்ச்சியின் சாரமே. லேபிளைப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது ஒண்ணா, ஏழா?"

"அதான் தெரியல."

"டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, ஒண்ணும் ஏழும் எழுத வரல. எங்கப்பாவுக்கு ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "ஒரு பாட்டில் தண்ணிக்கா? ஆளை விடுங்க" என்றுவிட்டார்.

மிச்சத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றி, ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்தேன். கிருமி வளர்ந்தால் ஏரி பாட்டிலில் இருக்கிறது. வளராவிட்டால் மாமனாருக்குள் இருக்கிறது. தெரிய ஒரு நாள் ஆகும். இதுவரை சம்பளத்துக்காகக் கிருமி தேடியவன், அன்று முழுக்க அதை மனதார வேண்டிக்கொண்டேன். நடுநடுவே மாமனார் பாத்ரூம் போனால் வெளியே நின்று மணி பார்த்தேன்.

திங்கள் காலை தட்டெல்லாம் புள்ளி புள்ளியாகப் பூத்துக் கிடந்தது. எண்ணி மாளாது. வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, ஏரி நாறிப்போய்க் கிடக்கு."

"அதுக்கு ஏன் மாப்ளே பல்லெல்லாம் தெரியுது?"

அவர் குடித்தது சுத்த நீர் என்று விளக்கினேன். மெல்ல நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நேத்துலேர்ந்து வயித்தக் கலக்குச்சே, அது?"

"சொல்லவே இல்லையே மாமா."

"கைக்கடியாரத்தப் பாத்துக்கிட்டு கதவாண்ட நின்னீங்களே, அந்த மூஞ்சிய பாத்தா யாருக்குத்தான் கலக்காது? நானும் சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருக்க மாட்டீங்க."

எனக்கும் நேற்றிலிருந்து கலக்கிக்கொண்டுதான் இருந்தது. நான் எந்த பாட்டிலையும் குடிக்கவில்லை.