கரடியாகிப் போன கோட்டு

லெசியாவின் கையில் பழைய ஃபர் கோட்டு எது சிக்கினாலும் அது கரடியாகிவிடும். டாஃபின் ஊரில் வயதான அம்மாள் யாராவது இறந்துபோனால், பிள்ளைகள் பாதிரியாருக்கு அடுத்தபடியாக இவளுக்குத்தான் போன் போடுவார்கள். அம்மாவின் கோட்டை உடுத்த ஆள் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்பார்கள். இவள் அதை வெட்டித் தைத்து, கண்ணாடிக் கண் வைத்து, ஆளுக்கொரு பொம்மைக் கரடியாகக் கொண்டுபோய் மடியில் வைப்பாள். முரட்டு லாரி டிரைவர்கள்கூட அந்தக் கரடியைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள்.

அந்த ஜனவரியில் லெசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரெஸ்டுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவனுக்கு ஐம்பத்து நாலு. இத்தனை காலம் குறுக்கே நின்றவள் அவன் அம்மா ஸ்டெஃபானியா. பையனுக்கு இன்னும் விவரம் பத்தாது என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் இழுத்தடித்த மகராசி, மலங்கா என்ற பழைய புத்தாண்டு விருந்தில் செர்ரி மது உள்ளே போன தைரியத்தில், "சரி, பண்ணிக்கிட்டுத் தொலைங்க" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். எந்த நிமிஷமும் வாக்கு மாறக்கூடிய அம்மாள்தான். அதனால் கல்யாணம் முடியும்வரை அவள் முன்னால் தும்மக்கூடாது என்று லெசியா முடிவு கட்டியிருந்தாள்.

விருந்து நடந்தது லெசியாவின் தோழி ஹால்யாவின் வீட்டில். ஹால்யாவின் அம்மா இலையுதிர்காலத்தில் காலமாகியிருந்தாள். "உள்ரூம் கட்டில்ல அம்மாவோட கோட்டை எடுத்து வச்சிருக்கேன்டி. பழுப்பு கலர், நீரெலித்தோல். போறப்ப மறக்காம எடுத்துக்கோ. நாங்க நாலு பேரு, நாலு கரடி" என்று அவள் லெசியாவின் காதோடு சொன்னாள். குளிர்காலத்து விருந்தில் வந்தவர்கள் அத்தனை பேரின் கோட்டும் அந்தக் கட்டிலில்தான் விழும் என்பது சொன்னவளுக்கும் உறைக்கவில்லை, கேட்டவளுக்கும் உறைக்கவில்லை. லெசியா கிளம்பியபோது கட்டிலே தெரியவில்லை, கோட்டு மலைதான் இருந்தது. ஃபர் விஷயத்தில் தன் விரலுக்குக் கண் உண்டு என்று அவளுக்கு ஒரு கர்வம். கண்ணை மூடிக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டாள், பழைய எலித்தோல் ஒன்று தட்டுப்பட்டது, உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் உள்துணியைப் பிரித்தாள். பையில் ஒரு கைக்குட்டையும் இருமல் மிட்டாயும் இருந்தன. பாவம், ஹால்யாவின் அம்மா கடைசியாக வாயில் போட எடுத்து வைத்தது போலிருக்கிறது என்று லெசியா நிஜமாகவே அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தோலைத் திருப்பிப் போட்டு, பிளேடால் முடி அறுபடாமல் தோலை மட்டும் கீறினாள். இரண்டு கைப்பகுதிகளும் முன்பக்கமும் துண்டுகளாகின, முதுகு மட்டும் பாக்கி. மத்தியானத்துக்குள் ஒரு தலை தயார். பஞ்சு அடைத்து, கண் வைத்து, மூக்கைக் கறுப்பு நூலால் தைத்தாள். என்ன காரணமோ, அந்தக் கரடி அவளை முறைத்தது.

அப்போதுதான் ஓரெஸ்ட் போன் செய்தான்.

"லெசியா, ஒரே ரகளை. நேத்து விருந்துல யாரோ அம்மாவோட கோட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா மிச்சம் கிடந்த ஒண்ணை மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க. இந்த ஊர்ல எந்தத் தோல் யாரோடதுன்னு உனக்குத்தான் தெரியுமாம். திருடியை நீதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணுமாம். கார்லதான் வர்றோம், இதோ உன் தெருவுக்குத் திரும்பிட்டோம்."

லெசியா மேஜையைப் பார்த்தாள். மாமியாராக வரப்போகிறவள் அங்கே துண்டு துண்டாகக் கிடந்தாள்.

அடுத்து அவள் செய்ததற்கு யோசனை என்று பெயர் வைக்க முடியாது. அத்தனையையும் வாரிக் குப்பைப் பையில் திணித்தாள். அந்துப்பூச்சி சாவதற்காகப் பழைய தோலையெல்லாம் உறைபெட்டியில் போட்டு வைப்பது அவள் வழக்கம், கை பழக்கதோஷத்தில் அங்கேயே போயிற்று. பையைத் திணித்து மூடினாள். அறையெங்கும் முடி பறந்தது. கதவு திறந்தது. லெசியா தும்மினாள்.

ஸ்டெஃபானியா செத்துப்போனவளின் கோட்டோடு உள்ளே வந்தாள். கை நீளம் அதிகம், விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அந்த நிலையிலும் ராணி மாதிரித்தான் உட்கார்ந்தாள்.

"இது யாரோட கோட்டு? சொல்லு. அந்தச் சிறுக்கி வீட்டு வாசல்லயே போய் நின்னு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்குறேன்."

"பானி ஸ்டெஃபா, டீ போடட்டுமா?" என்றாள் லெசியா. பெரிய மனுஷிகளை அந்த ஊரில் பானி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"டீயா கேட்டேன்? நீ ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுற? வெளியில மைனஸ் முப்பது!"

"சளி பிடிச்சிருக்கு."

"சளி பிடிச்சா வேர்க்குமா? ஓரெஸ்ட், இவளை நல்லாப் பாத்துக்கடா, கல்யாணத்துக்கு முன்னாடியே சீக்காளியா இருக்கா."

ஓரெஸ்ட் நல்லவன். நல்லவர்களால்தான் இந்த உலகத்தில் பாதி விபரீதம் நடக்கிறது. "நீ உக்காரு, நான் பெரோகி வேக வைக்கிறேன்" என்று, உறைய வைத்திருந்த அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை எடுக்க உறைபெட்டியைத் திறந்தான். பை நழுவி வாய் பிளந்தது. கரடித் தலை ஒன்று தரையில் உருண்டு வந்து, ஸ்டெஃபானியாவின் பூட்ஸில் முட்டி, அவளை முறைத்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே ஒரு கைப்பகுதியும் விழுந்தது.

ஸ்டெஃபானியா குனிந்து அதை எடுத்தாள். ஓரத்தில் இருந்த ஒட்டுத் தையலை விரலால் தடவினாள்.

"இது என் இடது கை" என்றாள்.

"நான்தான் பானி. கட்டில்ல மாறிப்போச்சு. நான் பாக்காம எடுத்துட்டேன். வெட்டிட்டேன். கல்யாணம் வேணாம்னாலும் சரி, என்னைப் போலீஸ்ல குடுத்தாலும் சரி. ஆனா திருடலை." லெசியா மடமடவென்று கொட்டிவிட்டாள். ஓரெஸ்ட் இல்லாமல் இனி எப்படி இருப்பது என்று பயந்தாள்.

ஸ்டெஃபானியா கரடித் தலையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓரெஸ்ட் ஓடி வந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல் ஆரம்பித்த சிரிப்பு போகப் போகக் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் போயிற்று.

"ஐயோ, இந்த முறைப்பு! அப்படியே என் மாமியார்!" என்று மேஜையைத் தட்டினாள். "இது அவளோட கோட்டுடி. கல்யாணத்தன்னிக்கு என் தோள்ல போட்டு, பத்திரம், உன்னைவிட இதுக்கு விலை ஜாஸ்தின்னு சொன்னா. அன்னியிலேருந்து பத்திரமாச் சுமந்தே என் தோள் செத்துப்போச்சு. கழுதை கனம் கனக்கும்! எறியவும் பயம், விக்கவும் பயம். செத்தும் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா."

"அப்போ ஏம்மா தினமும் அதையே போட்டுக்கிட்ட?" என்றான் ஓரெஸ்ட்.

"உனக்கு விவரம் பத்தாதுன்னு சும்மாவா சொன்னேன்?" என்றவள் லெசியாவின் பக்கம் திரும்பினாள். "உன் கல்யாணத்தன்னிக்கு உன் தோள்ல போடுறதா இருந்தேன், தெரியுமா?"

"ஆசீர்வாதமாவா?"

"ஆசீர்வாதமாவது மண்ணாவது. எனக்குக் கிடைச்சது உனக்கும் கிடைக்கட்டும்னுதான்."

சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. போட்டிருந்த கோட்டைக் கழற்றி, "இந்தா, இதுதான் ஹால்யாவோட அம்மாவுது, அவங்களுக்கு இதுல தைச்சுக் குடு" என்று நீட்டினாள். பருத்திக் கவுனோடு நின்றபோது அவள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள். பிறகு பையைக் குடைந்து, வெட்டாமல் பாக்கியிருந்த முதுகை வெளியே இழுத்தாள்.

"இதுவும் வெட்டணும்ல? கத்தியைக் குடு இங்க."

லெசியா பிளேடைக் கொடுத்து, தோல் பக்கம் எது என்று காட்டினாள். ஸ்டெஃபானியா பல்லைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். முடி குப்பென்று பறந்து மூவர் மூக்கிலும் ஏறியது. ஓரெஸ்ட் தும்மினான். உறைந்த பெரோகிகள் அவன் கையிலிருந்து சிதறி ஓடின. கோடு ஏரிக்கரை மாதிரி வளைந்து நெளிந்து போயிருந்தது.

"நேரா வந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள் கிழவி.

"இல்ல. கோணலாப் போச்சு, அம்மா" என்றாள் லெசியா, பானி என்று சொல்ல மறந்து.

ஸ்டெஃபானியா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"போனாப் போகுதுடி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கீறலை இன்னும் கோணலாக இழுத்தாள்.