குழாயடிச் செடி

வினிகர் தீர்ந்துபோனதற்கு யார் காரணம் என்பதுதான் வெர்லினும் மனைவி ஆர்டிஸும் கடைசியாகப் பேசிக்கொண்ட விஷயம். அக்டோபர் முடியும் நேரம். இரண்டு இரவு உறைபனியில் இலை அழகுக்காகத் தோட்டத்தில் வளர்த்த ஹோஸ்டாச் செடிகள் எல்லாம் வேகவைத்த கீரைபோலத் துவண்டு கிடந்தன. வெர்லின் இலைகளை அறுத்துக் குவித்துவிட்டு, ஒவ்வொரு செடியின் காலடியிலும் செருகியிருந்த பெயர்த் தகடுகளைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டுவந்து, பேஸ்மென்ட் தொட்டியில் ஆர்டிஸின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். விஸ்கான்சின் குளிரில் மண் உறைந்து உப்பும்போது தகடுகள் மேலே தள்ளப்பட்டுச் சாய்ந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் இந்த வேலை. மே மாதம் முளைகள் தலைகாட்டியதும் திரும்பச் செருகுவார். எது எங்கே என்று எழுதிவைக்கச் சொன்னால், "எல்லாம் மண்டைல இருக்கு" என்பார்.

"கறை போகமாட்டேங்குது, வினிகர் எங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"காபி மெஷின்ல ஊத்திக் கழுவினது யாரு? நீதானே."

"நான் அரை பாட்டில்தான் ஊத்தினேன். மீதி உன் வெள்ளரிக்கா ஊறுகாய்ல போச்சு."

"அப்ப ஊறுகாயத் தொடாத."

அவர் சிரித்துக்கொண்டே படியேறி வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பும்போது, கடை வாசலில் வண்டியைக் கிளப்புவதற்குள் இதயம் நின்றுவிட்டது. வினிகர் பாட்டில் பக்கத்து இருக்கையில் சாயாமல் நின்றிருந்தது.

மே மாதம் ஹோஸ்டாக்கள் வழக்கம்போல வந்தன. மண்ணைக் கீறிக்கொண்டு சுருட்டுச் சுருட்டாக முளைகள், பிறகு விரிந்து, நீலமும் மஞ்சளும் பச்சையுமாய் வீட்டைச் சுற்றி நிழல் இருந்த இடமெல்லாம். தகடுகள் பளபளவென்று பேஸ்மென்ட் ஜன்னல் ஓரத்தில் கிடந்தன. மண்டையில் இருந்ததை மட்டும் அவர் கையோடு கொண்டுபோய்விட்டார்.

வேறு வருஷமாக இருந்தால் ஆர்டிஸ் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் இந்த ஜூலையில் பஸ் வருகிறது. மாநிலத்து ஹோஸ்டா சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் பார்த்துப் போகும் நாளில் இந்தத் தோட்டத்துக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்று வெர்லின் எத்தனையோ வருஷம் காத்திருந்தார். கிடைத்த செய்தி வந்த அன்று சமையலறையில் ஆடிக் காட்டினார். பஸ்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. தோட்டத்தில் பெயரில்லாத செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது; இருந்தால் அந்தத் தோட்டமே கணக்கில் சேராது. தப்பான பெயர் வைத்தால் அதைவிட மோசம். பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உள்ளூர்ச் சங்கத் தலைவர் நார்பர்ட் ஹாக்பார்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். வெர்லினோடு முப்பது வருஷம் எதிலும் ஒத்துப்போகாத நண்பர். "வேற தோட்டத்த மாத்திக் குடுத்துடறேன் ஆர்டிஸ். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்," என்றாள் ஆர்டிஸ்.

அதனால் ஜூன் நடுவிலிருந்து நார்பர்ட்டும் சங்கத்து லவோனும் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பிற்பகல்களில் வந்தார்கள். லவோன் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். இலையை விரலால் தூக்கி அடியில் பார்க்கும்போது, வாயைப் பெரிசாகத் திற என்று சொல்லப்போகிறவள் மாதிரி இருக்கும்.

நார்பர்ட் ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்தார். இலைமேல் மெழுகாய்ப் படிந்திருந்த நீலப் பூச்சு கையோடு வந்து, அடியில் பச்சை தெரிந்தது. "இது 'ஈர ஞாயிறு' வகைதான். சந்தேகமே இல்ல."

"ஈர ஞாயிறுக்குக் காம்புல செவப்புப் புள்ளி இருக்கும். கண்ணாடியப் போடு நார்பர்ட்," என்றாள் லவோன்.

"போட்டுட்டுத்தான் பாக்கறேன்."

"அப்ப தொடச்சுட்டுப் போடு."

ஆர்டிஸுக்கு நரம்பும் தெரியாது, பூச்சும் தெரியாது. எந்தச் செடி எப்படி வீட்டுக்கு வந்தது என்பது மட்டும் தெரியும். "இது மக கல்யாணத்துக்குப் போற வழில வாங்கினது. சர்ச் வரைக்கும் என் மடியிலயே வந்துது. போட்டோல பாரு, கவுன்ல மண்ணு."

"கல்யாணம் எந்த வருஷம்?" என்பாள் லவோன். சொன்னதும் கண்ணை மூடி யோசித்து, "அப்ப கடைக்கு வந்திருந்தது 'பாதிரியார் பொண்டாட்டி'யும் 'வெண்ணெய்க் கத்தி'யும்தான். ஓரம் மஞ்சள். வெண்ணெய்க் கத்தி."

"பாதிரியார் பொண்டாட்டிக்கும் மஞ்சள் ஓரம்தான்," என்று நார்பர்ட் தொடங்குவார்.

"அவளுக்கு ஜூன்லயே வெளுத்துடும். உன் தல மாதிரி."

இப்படி ஒருவர் விட்டதை ஒருவர் பிடித்து, தகடுகள் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. முதல் தடவை தன்னை மறந்து சத்தமாகச் சிரித்தபோது ஆர்டிஸ் காபிக் குடுவையோடு உள்ளே போய், முகம் சரியாகும்வரை தொட்டி அருகே நின்றாள். இவ்வளவு சீக்கிரம் சிரிக்கலாமா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அடுத்த நாள் ருபார்ப் கேக்கைக் கொஞ்சம் பெரிய துண்டுகளாகவே வெட்டினாள்.

பஸ் வருவதற்கு முந்தைய வாரம் தகடுகள் தீர்ந்தன. ஒரு செடி மிஞ்சியது. கராஜுக்குப் பின்னால், குழாயடியில், வயசான பெரிய புதர். இலை பச்சை என்றால் பச்சை, இல்லையென்றால் இல்லை; வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் வேறு. நார்பர்ட் நரம்புகளை எண்ணினார். லவோன் எண்ணினாள். இரண்டு பேருக்கும் வேறு வேறு கணக்கு வந்தது.

"ஒரு தகடு தொலஞ்சிருக்கு," என்றார் நார்பர்ட்.

"வெர்லின் கார் சாவியத் தொலைப்பான். ஒரு தடவ என்னையே பெட்ரோல் பங்க்ல விட்டுட்டுப் போயிருக்கான். தகடு தொலைச்சதே கிடையாது," என்றாள் ஆர்டிஸ்.

"அப்ப இதுக்குத் தகடே வைக்கலன்னு ஆகுது. எதுக்கு வைக்காம இருப்பான்?"

ஆர்டிஸ் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாலும் இந்த மூலைக்கு வரும்போது வெர்லின் வந்தவர்களின் முழங்கையைப் பிடித்துத் திருப்புவார். காபி ஆறிடும், வாங்க போலாம். ஒவ்வொரு தடவையும்.

"அவனுக்குத் தெரியல," என்றாள் மெதுவாக. "வெர்லினுக்குத் தெரியாதது ஒண்ணு இருந்திருக்கு."

ரேடியோவில் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர். தெரியாத ஊரிலும் வழி கேட்காதவர். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய ஆர்டிஸ் சிரித்தாள். இந்தத் தடவை உள்ளே போகவில்லை.

"முப்பது வருஷமா ஏமாத்தியிருக்கான்," என்றார் நார்பர்ட். "நானும் காபின்ன உடனே பின்னாடியே போயிருக்கேன்."

பிறகு தலைவருக்குரிய குரலுக்குத் திரும்பினார். "ராத்திரியோட ராத்திரியா பேத்து கராஜ்க்குள்ள வெச்சுடலாம். பஸ் போனதும் திரும்ப நட்டுக்கோ."

"வேண்டாம்."

"அப்ப ஏதாவது ஒரு பேர வை. லவோன் பேர வை. மொத்தத் தோட்டத்தையும் கணக்குல சேக்காம போயிடுவாங்க, ஆர்டிஸ். அவன் எவ்வளவு ஆசப்பட்டான்னு உனக்குத் தெரியும்."

தெரியும். ஆனால் மற்றதையெல்லாம் மூன்று பேர் சேர்ந்து ஊகித்து, சண்டைபோட்டு, தகடு குத்தியாயிற்று. இது ஒன்றுதான் அவர் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

"சேக்காம போனா போகட்டும்," என்றாள். "அது அங்கயே இருக்கட்டும்."

சனிக்கிழமை பஸ் வந்தது. தொப்பி வைத்தவர்கள் தோட்டம் முழுக்கப் பரவி, தகடுகளைப் படித்து, தலையாட்டி நகர்ந்தார்கள். நார்பர்ட் கராஜ் பக்கம் யாரும் போகாதபடி வழியில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"இது என்ன வகை?"

"தெரியாது," என்றாள் ஆர்டிஸ். "என் வீட்டுக்காரருக்கும் தெரியாது."

மழைக்கோட்டுக்காரி குனிந்தாள். பிறகு மண்டியிட்டாள். பிறகு பின்னால் திரும்பி, "ஏய், இங்க வாங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் பஸ் மொத்தமும் குழாயடியில் இருந்தது. ஒருவர் இலையை மோந்து பார்த்தார். இன்னொருவர் அடிக்காம்பைப் பார்க்க ஈர மண்ணில் மல்லாந்து படுத்தார். மூன்று பெயர்கள் வந்தன, பிறகு ஐந்து. ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். விதியைப் போட்டவரே முழங்காலெல்லாம் சேறாகி, "எல்லாரும் சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நடுவில் நார்பர்ட்டின் குரல்தான் பெரிசாகக் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆர்டிஸ் கொஞ்சம் தள்ளி நின்றாள். குனிந்த முதுகுகளுக்கு நடுவே குழாய் தெரிந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அது சொட்டும். சொட்டு அகலமான அந்த இலையில் விழுந்தது. இலை தாழ்ந்து, நீரை வழியவிட்டு, மறுபடி நிமிர்ந்தது.