தலைப்பை உரக்கப் படிக்கவும்

ஒளிவுமறைவு இல்லாத அரசே உயிருள்ள அரசு. தான் வாங்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது மனிதனின் பிறப்புரிமை. இதை நான்கு தேர்தல்களில் முழங்கி நான்கிலும் ஜெயித்தவர் சட்டமன்ற உறுப்பினர் கிளேட்டன். அன்று காலை ஏழரை மணிக்குச் சமையலறைக்குள் வந்தவர், மேப்பிள் பாகுக் குப்பிக்குப் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியைக் கண்டதும், கையிலிருந்த செய்தித்தாளை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

"சாப்பிடுற எடத்துல இதையெல்லாம் ஏன் வைக்கறீங்க?"

"நாப்கின் பெட்டிதானே, கடிச்சிடாது," என்றாள் மனைவி மார்னி. பிறகு யோசித்து, "கடிச்சிருக்கு. உன் பொண்ணைத்தான்," என்றாள்.

மகள் டெஸ்ஸுக்குப் பதினைந்து வயது. நாலு மாதமாக, அந்த நாட்கள் வந்தால் தொடையெல்லாம் தடித்துச் சிவந்து கொப்புளம் போட்டது. நீச்சல் அணியிலிருந்து நின்றுவிட்டாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும், இதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். பெட்டியில் 'மேகம்போல் மென்மை' என்று போட்டிருந்தது. மேகத்தில் என்ன சேர்ப்பார்கள் என்று போடவில்லை.

டெஸ் சுவரைப் பார்த்தாள். காலஞ்சென்ற நாய் டியூக்கின் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நாய் பிஸ்கட் உறை தொங்கியது. நாய்த்தீனி உறையில் சேர்மானப் பட்டியல் கட்டாயம் என்ற சட்டம் கிளேட்டன் கொண்டுவந்தது. அதன்படி அச்சான முதல் உறை அது.

"கோதுமை மாவு, கோழி ஈரல், கடல்பாசிப் பொடி..." என்று வாசித்தாள் டெஸ். "முப்பத்தொண்ணு ஐட்டம்பா. நான் நாயாப் பொறந்திருக்கலாம்."

"இதுக்கும் மசோதா இருக்கேம்மா! நான் தலைவரா இருக்கற குழுவுலதான் இருக்கு."

"மூணு வருஷமா இருக்கு," என்றாள் மார்னி.

"நேரம் கெடைக்கல. கம்பெனிக்காரங்க நெருக்கடி வேற. உனக்கு என்ன தெரியும்?"

"இன்னிக்கு உங்க குழு கூடுற கடைசி நாள்தானே? நானும் வர்றேன். எவ்வளவு நேரம் இருக்குன்னு பாக்கறேன்."

பத்து மணிக்கு மார்னி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். குழுவின் எழுத்தர் நோவாக் இருபத்தாறு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர், அவளுக்குத் தெரிந்தவர்.

"நாப்கின் மசோதாவை யாரு எதிர்க்கறாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்பப் பேர் இல்லம்மா. பதினஞ்சுல பதினொரு பேர் ஆதரவு. கம்பெனி ஆளுங்களே போன வருஷம் ஓஞ்சு போயிட்டாங்க."

"அப்புறம் என்ன?"

நோவாக் குரலைத் தணித்தார். "ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடி தலைவர் மசோதாவோட முழுத் தலைப்பையும் உரக்கப் படிக்கணும். அது விதி. அந்தத் தாள் வந்ததும் உங்க வீட்டுக்காரர் தண்ணி குடிக்கிறார். அப்புறம் மணி பாக்கறார். அப்புறம் கூட்டம் கலைஞ்சிடுது."

மகளின் கொப்புளத்துக்கும் மருந்துக்கும் நடுவில் வழிமறித்து நின்றது ஒற்றைச் சொல். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் அதை 'அது' என்று மட்டுமே சொல்லியிருக்கிறார் என்பது மார்னிக்கு அப்போதுதான் உறைத்தது.

தேன் குப்பி மசோதாவைக் கிளேட்டன் கணீரென்று படித்தார். தலையணைப் பஞ்சு மசோதாவையும் அப்படியே. அடுத்த தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரத்தைக் கருத்தில் கொண்டு..."

பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. மார்னி திறக்கவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்து, எழுத்து அவரைப் பார்க்கும்படி மடியில் நிமிர்த்தி வைத்தாள். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண் அதைப் பார்த்தாள். தன் கைப்பையைத் துழாவி ஒரு நாப்கினை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

கிளேட்டன் சட்டென்று தாளுக்குள் குனிந்தார். "மா... பொருட்களின் உறையில் சேர்மானப் பட்டியல் அச்சிடுவது பற்றிய மசோதா."

"கேக்கலை, தலைவரே," என்றார் நோவாக்.

"மாத... பொருட்களின்..."

"முழுசாக் கேக்கணும், தலைவரே. விதி."

மூன்றாம் முறை ஒலிபெருக்கி 'கிய்ங்' என்று அலறி அவரைக் காப்பாற்றியது. நான்காம் முறை யாரும் காப்பாற்றவில்லை. "மாதவிடாய்ப் பொருட்களின்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசல் காவலர் எட்டிப் பார்த்தார். மேலேயிருந்த கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. பதினொன்றுக்கு நான்கு என்று மசோதா தேறியது. மூன்று வருட வேலை, ஒன்றரை நிமிடம்.

மத்தியானத்துக்குள் நிருபர்கள் அவரை 'அஞ்சாத தந்தை' ஆக்கிவிட்டார்கள். மூன்று பேட்டி கொடுத்தார். மூன்றிலும் 'நம் பெண்களின் நலன்' என்றே சொன்னார். நாலாவதாக மார்னி போனில் கூப்பிட்டாள்.

"வர்ற வழியில டெஸ்ஸுக்கு ஒரு பெட்டி வாங்கிட்டு வா. பஞ்சு மட்டும் வெச்சது, டாக்டர் சொன்னது."

"நானா?"

"அஞ்சாத தந்தை வேற யாரு?"

ஏழு மணிக்குக் கிளேட்டன் வந்தார். காகிதப் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். டெஸ் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மேலே பெரிய நாய் பிஸ்கட் பொட்டலங்கள் இரண்டு. அடியில், கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி.

டியூக் செத்து இரண்டு வருடமாகிறது.