கொடி உயரவில்லை

எல்ஸ்பெத் அப்பாவின் முகத்தில் பாதியை மழித்திருந்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுப் பேசினார்.

"தலைக் கயிற நீதான் பிடிக்கணும்."

"அப்பா, சோப்பு வாய்க்குள்ள போகுது."

"கேளு. கெடஸ்கிட்ட சொல்லிட்டேன். இப்பல்லாம் பொம்பளைங்களும் பிடிக்கலாமாம்."

கெடஸ்தான் லோகெல்லி என்ற அந்தச் சுரங்க ஊரில் சாவுக் காரியங்களை நடத்துபவர். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளில் தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு; அதை ஆண்கள்தான் பிடிப்பது வழக்கம். ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாலி சித்தப்பா சிரித்தார்.

"பொம்பளை கயிறு பிடிச்சு பெட்டி இறக்கி இந்த லோகெல்லில நான் பார்த்ததே இல்ல. ஏன் ஆர்ச்சி, செத்தும் ஆஃப்சைடுல நிக்கப் போறியா?"

பழைய கிண்டல். ஒரு பீர் கம்பெனி சில வருடம் நடத்திக் கைவிட்ட டிரைபரோ கோப்பை கால்பந்துப் போட்டியில் ஆஃப்சைடு விதி வேறு. எதிரணி கோலுக்குப் பதினெட்டு கஜம் முன்னால் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு. அதைத் தாண்டினால்தான் ஆஃப்சைடு. அதற்கு இப்பால் எங்கே நின்றாலும் குற்றமில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஆடிய அப்பா ஆர்ச்சியின் காலில், கோட்டுக்கு இப்பால் நிற்கும்போது, பந்து வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். பழக்கத்தில் கூட்டம் "ஆஃப்சைடு!" என்று கத்தியது. பழக்கத்தில் அவரும் நின்றார். திரும்பி, கோட்டு நடுவரைப் பார்த்தார். கொடி உயரவில்லை. விசிலும் இல்லை. அதற்குள் கீப்பர் ஓடிவந்து பந்தை உதைத்து விரட்டிவிட்டார். அதன்பிறகு மதுக்கடையிலும் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டிலும் ஒரே பாட்டு: "கொடியே தூக்கலியேடா ஆர்ச்சி!"

அப்பா சித்தப்பாவைப் பார்க்கவில்லை.

"நேரா போய்ப் பிடி," என்றார் அவளிடம். "யாரையும் திரும்பிப் பார்க்காத."

"சரிப்பா."

அப்படியே தூங்கிப்போனார். மாலையில் மூச்சு நின்றது. எல்ஸ்பெத் மறுபடியும் தண்ணீர் சுடவைத்து மீதி முகத்தை மழித்தாள்.

அடக்கத்தன்று மழை. கயிறு வழுக்கக் கூடாதென்று அவள் காரிலேயே கையுறைகளைக் கழற்றிவிட்டாள். ஆண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் வழக்கம்போலப் பாதையோரம். எட்டுக் கயிறுகள், எட்டுப் பேர்.

"ஒண்ணாம் நம்பர், தலைமாடு," என்றார் கெடஸ். கயிற்றை அவள் பக்கமாக நீட்டினார்.

அவள் நடந்தாள். ஈரப் புல்லில் பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

திரும்பினாள்.

அத்தைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் புத்தகத்துக்குள் விரலை வைத்துக் காத்திருந்தார். சித்தப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாராவது சொல்வார்களென்று அவள் நின்றாள். கெடஸின் கை நீண்டபடியே இருந்தது. கயிற்றின் குஞ்சத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விடும்மா, நான் பிடிச்சுக்கிறேன்," என்றார் சித்தப்பா. குரலில் கிண்டலே இல்லை.

பெட்டி கோணாமல் இறங்கியது. கயிறுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்கள்.

எல்ஸ்பெத் கோட்டுப் பையிலிருந்து கையுறைகளை எடுத்தாள். விரல்கள் நனைந்திருந்தன. எவ்வளவு இழுத்தும் உள்ளே போகவில்லை.