பங்காளிகள் பார்த்த பாடம்

புதுச்சத்திரத்தில் மோகன்குமார் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அழைப்புப் போகாத பங்காளி கிடையாது. ஒருத்தரை விட்டாலும் காலத்துக்கும் பேச்சு வரும் என்று பயப்படுகிற மனிதர். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். மகள் யுவஸ்ரீ கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள். இது முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அண்ணன் விட்டதில்லை.

அந்தக் காலேஜில் பாடமெல்லாம் நெட்டில் வீடியோவாகவே இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பாஸ்வேர்டு. அவர் மட்டும்தான் பார்க்கலாம். அப்பா பார்க்க ஆசைப்படுகிறாரே என்று லீவுக்கு வந்த யுவஸ்ரீ தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் அதைப் பங்காளிகள் வாட்ஸப் குழுவில் போட்டார். ‘எங்கள் பாப்பாவின் பாடம். அனைவரும் குடும்பத்துடன் கண்டுகளிக்கவும்.’

கண்டுகளித்தார்கள். பங்காளி சென்னிமலை, பிணத்தின் இதயத்தை அறுக்கிற பாடத்தைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழம கறி உள்ள எறங்குலீங்க” என்று ஊரெல்லாம் சொன்னார். அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரியான நானும் சென்னிமலை போனில் கொஞ்சம் பார்த்தேன், கல்லீரல் வரைக்கும்.

ஒரே பாஸ்வேர்டில் இத்தனை பேர் பார்ப்பதைக் கண்டுபிடித்து, பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது காலேஜ் யுவஸ்ரீயின் கணக்கைப் பூட்டிவிட்டது. காசுக்குப் பாடத்தை விற்றாளா என்று விசாரணை. சரியான பதில் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். நான் அண்ணன் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போன நேரம், வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தாள்.

“ஆருக்குப்பா குடுத்தீங்க?”

“பங்காளிகளுக்குத்தான் சாமி. வெளியாளு ஒருத்தருக்கும் குடுக்குல.”

“அவுங்களுக்கு எதுக்குப்பா இந்தப் பாடம்?”

“சென்னிமலைக்குக் காட்டிப்போட்டுக் கைலாசத்துக்குக் காட்டாம உட்டா நல்லா இருக்குமா?”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “எங்க சார் உங்ககிட்டயே கேக்கணும்கறாரு. லைன்ல வாராரு. நாஞ் சொல்றதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லுங்க.”

அண்ணன் அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டார். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் திரையில் வந்து இங்கிலீஷில் கேட்டார். அண்ணன் ‘பங்காளி’ என்றால் யார் என்று ஆரம்பிப்பதற்குள் யுவஸ்ரீ முந்திக்கொண்டாள். தன் அப்பா படிக்காதவர் என்றாள். பாஸ்வேர்டு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது, யாரோ அவர் போனை வாங்கி அதை எடுத்துவிட்டார்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அண்ணன் நாமக்கல்லில் பி.காம். முடித்தவர். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. நான் கதவோரத்தில் நின்று தரையைப் பார்த்தேன்.

“அப்படியா?” என்று வாத்தியார் கேட்டார்.

“எஸ் சார்,” என்றார் அண்ணன். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, “நோ ஸ்டடி, சார். மீ… நோ ஸ்டடி,” என்று வேண்டுமென்றே தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

வாத்தியார் யுவஸ்ரீயைக் கண்டித்துவிட்டு, புது பாஸ்வேர்டு தருவதாகச் சொல்லி மறைந்தார். யுவஸ்ரீ தலையைத் தூக்கவில்லை.

“அப்பா, நா வந்து…”

“பாடம் தெறந்துருவாங்கல்ல?”

“தெறந்துருவாங்க.”

“அப்பறமென்ன. போயிப் படி சாமி.”

போனைக் கவிழ்த்து வைத்தவர் என்னைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, எப்ப வந்த?”

“இப்பத்தாங்ண்ணா,” என்றேன். அவர் நம்பவில்லை. கறிவேப்பிலை கேட்க வாய் வராமல் திரும்பி வந்துவிட்டேன்.